போர் நினைவுகளின் வரலாறு – 9: சுவரில் ஏறிய பெயர்கள்

இங்கிலாந்தின் பழைய கிராம ஆலயம் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்தால், சுவரில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். சில இடங்களில் பளிங்கு, சில இடங்களில் பித்தளைத் தகடு, வசதி குறைந்த சபைகளில் ஓக் மரப்பலகை. மேலே ஒரு சிலுவை, 1914, 1918 என்று இரண்டு ஆண்டுகள், கீழே பத்தோ இருபதோ பெயர்கள். ஒரே குடும்பப்பெயர் இரண்டு மூன்று வரிகளில் அடுத்தடுத்து வந்தால், அண்ணன் தம்பிகளாகவோ பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாகவோ இருப்பார்கள். பிரிட்டனிலுள்ள போர் நினைவுச்சின்னங்களைத் தொகுத்துவரும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் 90,000-க்கும் மேற்பட்டவை ஏறியிருக்கின்றன. அவற்றில் பெரிய பங்கு ஆலயங்களுக்குள்ளும் ஆலய வளாகங்களிலும் இருப்பவை.

இந்தப் பட்டியல்கள் இன்று ஆலயத்தின் தூண், பெஞ்சு, பீடம்போலப் பழகிப்போய்விட்டன. ஆனால் 1914-க்கு முன் அந்தச் சுவரில் இடம்பிடிப்பது லேசான காரியமல்ல. இடைக்காலத்தில் கவசமணிந்து கைகூப்பிப் படுத்திருக்கும் கற்சிலை வைத்துக்கொள்ளும் உரிமை பிரபுவுக்கு இருந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கடற்படைத் தலைவர்களுக்கும் கர்னல்களுக்கும் பளிங்குப் பலகைகள் வந்தன. அவர்களுடைய குலம், கல்வி, வீரம் எல்லாம் வரி வரியாக எழுதப்பட்டன. அவர்களுக்குக் கீழே நின்று செத்த சிப்பாய்க்கு ஓர் எண்ணிக்கைதான். வாட்டர்லூவில் விழுந்த சாதாரணப் படைவீரர்கள் பெயரின்றி மொத்தக் குழிகளில் போடப்பட்டார்கள். கிரிமியப் போருக்குப் பிறகும் சுவரேறியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளே. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில்தான் நிலைமை சற்று மாறியது. ஊர்களிலிருந்து தொண்டர்களாகப் புறப்பட்டுப்போனவர்களின் பெயர்கள், சிப்பாய் நிலையில் இருந்தவர்களுடையவையும் சேர்த்து, சில ஆலயங்களிலும் ஊர்ச் சதுக்கங்களிலும் இடம்பெறத் தொடங்கின.

முதல் உலகப் போர் அதை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது. காரணத்தைப் படை திரட்டிய விதத்திலேயே காணலாம். பிரிட்டனில் அப்போது கட்டாய ராணுவச் சேவை கிடையாது. போர் அமைச்சர் கிச்சனர் தொண்டர்களை அழைத்தபோது, ஒரே ஊரார், ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள், ஒரே ஆலயத்துப் பையன்கள் எல்லாரும் ஒன்றாகச் சேரலாம், ஒன்றாகவே போரிடலாம் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. ஆள் சேர்க்க இது அருமையான உத்தி. சாவும் ஒன்றாகவே வரும் என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் செர் என்ற கிராமத்தை நோக்கி எழுந்து நடந்த ஆக்ரிங்டன் ஊர்ப் பட்டாளத்தில் ஏறக்குறைய 700 பேர். அரை மணி நேரத்துக்குள் அவர்களில் 580-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட இழப்பு 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் 19,240. ஆலயப் பலகைகளில் ஒரே தேதி திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். 1916இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்த பிறகு, விருப்பமுள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடும் போயிற்று.

பட்டியல் எழுதும் வழக்கம் போர் முடிந்த பிறகு பிறந்ததல்ல. 1914இலேயே பல ஆலயங்களின் முகப்பில், படைக்குச் சென்ற சபையாரின் பெயர்களைக் குருவானவர் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தார். ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்காக வேண்டுதல் செய்ய அது உதவியது. சாவுச் செய்தி வரும்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக்குறி ஏறும். மாதங்கள் போகப் போகக் குறிகள் பெருகின. லண்டனின் தெற்கு ஹாக்னியில் 1916இல் இதே பட்டியல் தெருவுக்கும் வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளின் சுவர்களில் பெயர்ப்பலகை, சிலுவை, பூச்சாடி வைக்கும் தட்டு ஆகியவற்றோடு சிறு மாடங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசி மேரி நேரில் வந்து பார்த்த பிறகு அந்த வழக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவியது.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது ரோமன் கத்தோலிக்க வழக்கம் என்று பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின்போதே இங்கிலாந்து திருச்சபை அதை ஒதுக்கிவைத்திருந்தது. தெருமாடமும் மெழுகுவத்தியும் ரோமை வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகின்றன என்று தீவிரப் புரொட்டஸ்டண்டுகள் முணுமுணுத்தார்கள். ஆனால் பிள்ளையை இழந்த தாயிடம் போய், அவனுக்காக ஜெபிக்காதே என்று சொல்லும் துணிவு குருமார் பலருக்கு இல்லை. 1917இல் திருச்சபை வெளியிட்ட போர்க்கால ஜெபங்களில் இறந்தோருக்கான வேண்டுதலும் இடம்பெற்றது. மூன்றரை நூற்றாண்டு வாதத்தால் அசையாத ஒன்றைச் சாவுச் செய்திகள் அசைத்துவிட்டன.

ஆலயச் சுவருக்கு அவ்வளவு கனம் ஏறியதற்கு முதன்மையான காரணம், உடல்கள் ஊர் திரும்பாததே. போரின் முதல் மாதங்களில் பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்கள் பிரான்சிலிருந்து பிள்ளையின் உடலைக் கொண்டுவந்து குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தன. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915 ஏப்ரலில் மடிந்தபோது அவர் உடல் வேல்ஸிலுள்ள ஹாவர்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. செஞ்சிலுவைப் பிரிவொன்றில் பணியாற்றிக் கல்லறைகளைப் பதிவு செய்யத் தொடங்கிய ஃபேபியன் வேர், ஏழைக்குக் கிடைக்காதது பணக்காரனுக்கும் கிடைக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1917 மே மாதம் அரச சாசனத்தால் உருவான இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் அதையே கொள்கையாக்கிக்கொண்டது. விழுந்த மண்ணிலேயே அடக்கம். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் 66 எழுத்துகளுக்கு மிகாமல் ஒரு வாசகம் சேர்க்கலாம்.

இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். எக்ஸெட்டர் பேராயரின் மனைவி ஃபுளோரன்ஸ் செசில் சீமாட்டி மூன்று மகன்களைப் போரில் இழந்தவர். கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வடிவ அடையாளம் வேண்டும் என்று 1919இல் அவர் அளித்த மனுவில் ஏறக்குறைய 8,000 பேர் கையெழுத்திட்டிருந்தனர். 1920 மே மாதம் மக்களவையில் நடந்த நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது. கல்லறை கிடைத்தவர்களின் கதை இது. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் 54,000-க்கு மேற்பட்ட பெயர்கள். 1932இல் பிரான்சின் தியெப்வாலில் எழுந்த நினைவுச்சின்னத்தில் 72,000-க்கு மேல். எல்லாம் கல்லறையே தெரியாதவர்களுடையவை. கடல் கடந்து போய்ப் பார்க்கக் கூலித்தொழிலாளியின் குடும்பத்துக்குக் கையில் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய், பெயர் பொறித்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கல்லறை தரிசனம்.

1919இலிருந்து ஏறக்குறைய ஐந்தாறு ஆண்டுகள் இங்கிலாந்தின் ஊர்கள்தோறும் நினைவுச்சின்னக் குழுக்கள் கூடின. குருவானவர் தலைவர், பள்ளி ஆசிரியர் செயலர், பண்ணையார் பெருந்தொகை எழுதுபவர் என்பது வழக்கமான அமைப்பு. வீடு வீடாகச் சந்தா வசூலித்தார்கள். எதைக் கட்டுவது என்ற கேள்வியில்தான் குழுக்கள் உடைந்தன. இறந்தவர்கள் பெயரால் உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படும் மன்றமோ மருத்துவமனைப் படுக்கையோ ஏற்படுத்தலாம் என்றது ஒரு தரப்பு. பில்லியர்ட்ஸ் மேசை வைத்த மன்றம் எப்படி அஞ்சலியாகும் என்று கேட்டது மறுதரப்பு. ஆலயத்துக்குள் என்றால் வண்ணக் கண்ணாடிச் சன்னல், ஆர்கன், மணி, பீடத்தின் பின்திரை, கல்லறைத் தோட்டத்து வாசலுக்குக் கூரை என்று யோசனைகள் வந்தன. எதைத் தேர்ந்தாலும் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை கட்டாயம் இருந்தது. பெயரில்லாத ஆர்கனுக்கு எந்தத் தாயும் சந்தா கொடுக்கமாட்டாள்.

இங்கிலாந்து திருச்சபை ஆலயத்தில் ஒரு பலகை பதிப்பதற்கும் பேராய நீதிமன்றத்தின் அனுமதி ஆணை வேண்டும். வந்து குவிந்த விண்ணப்பங்களில் வடிவம், வாசகம், இடம் எல்லாம் பரிசீலிக்கப்பட்டன. வழக்காக மாறியவை பெரும்பாலும் சிலுவை பற்றியவை. வெறும் சிலுவைக்கு யாரும் தடை சொல்லவில்லை. பாடுபட்ட சுரூபம் தொங்கும் சிலுவை என்றால் ஊர் இரண்டுபட்டது. மெத்தடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் வேறொரு சங்கடத்தில் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும்தான் மடிந்தார்கள். ஊர் நினைவுச்சின்னமோ அவர்கள் கால் வைக்காத ஆலய வளாகத்தில் எழுந்தது. பல ஊர்களில் அவர்கள் தங்கள் ஜெபக்கூடத்தில் தனியே ஒரு பலகை வைத்துக்கொண்டார்கள். ஒரே இளைஞனின் பெயர் ஜெபக்கூடத்தில், ஊர்ச் சிலுவையில், பள்ளியில், வேலைசெய்த ரயில் நிலையத்தில் என நான்கு இடங்களில் இருப்பது இப்படித்தான். இறந்தவர்களை எண்ணிக் கூட்டும் ஆய்வாளர்கள் கவனமாக இருக்கவேண்டிய இடமும் இதுவே.

யார் பெயரைச் சேர்ப்பது என்பதும் எளிதாக முடியவில்லை. திருமணமாகி வேறு ஊருக்குக் குடிபோனவன் எந்த ஊர்க் கணக்கு? முகாமில் காய்ச்சலால் இறந்தவன் போரில் இறந்தவனா? 1920இல் வீட்டுக் கட்டிலில் பழைய காயம் முற்றிச் செத்தவன்? பெரும்பாலான குழுக்கள் பெற்றோர் கேட்டால் சேர்த்துவிட்டன. ஆண்டைக் குறிப்பதிலும் ஒற்றுமை இல்லை. போர்நிறுத்தம் 1918 நவம்பர் 11, வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28. முதலாவதைக் கொண்ட ஊர்கள் 1918 என்றும், இரண்டாவதைக் கொண்டவை 1919 என்றும் பொறித்தன. வரிசை விஷயத்தில்தான் காலம் மாறியது தெரிகிறது. பதவிப்படி எழுதிய பலகைகள் உண்டு. ஆனால் அகர வரிசையே மேலோங்கியது. கர்னலின் மகனும் அவர் வீட்டுக் குதிரைக்காரனின் மகனும், குடும்பப்பெயரின் முதல் எழுத்து ஒன்றாக இருந்தால், மேலும் கீழுமாக நின்றார்கள். இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அரசு அனுப்பிய, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டத்திலும் பெயர் மட்டும்தான், பதவி கிடையாது. சிலர் அந்த வட்டத்தையும் ஆலயத்துக்கே கொடுத்துப் பதிக்கச் செய்தார்கள்.

பழைய வழக்கமும் புதிய வழக்கமும் ஒரே ஊரில் அருகருகே நிற்பதைச் சாமர்செட் மாவட்டத்து மெல்ஸ் கிராமத்தில் பார்க்கலாம். ஹார்னர் குடும்பம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அங்கே நிலவுடைமையாளர்கள். வீட்டுத்தலைவி ஃபிரான்செஸ் ஹார்னர், ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் நெருங்கிய தோழி. கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸும் அந்த வீட்டுக்கு வேண்டியவர். புதுடெல்லியையும் அங்குள்ள இந்தியா கேட்டையும் லண்டனின் செனொட்டாஃப் நினைவுத்தூணையும் வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான்.

அந்த வீட்டின் மகள் கேத்தரினை மணந்தவர் ரேமண்ட் ஆஸ்குவித், பிரதமர் ஆஸ்குவித்தின் மூத்த மகன். வழக்கறிஞரான அவர் கிரெனடியர் காவற்படையில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1916 செப்டம்பர் 15 அன்று, டாங்கிகள் முதன்முதலாகப் போர்க்களம் கண்ட அந்த நாளில், தாக்குதலைத் தொடங்கிய சிறிது நேரத்தில் மார்பில் குண்டு பாய்ந்தது. தன் ஆட்கள் நிலைகுலையக்கூடாதென்று, காயம் பெரிதில்லை என்பதுபோல ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டாராம். தூக்கிச் செல்லும் வழியிலேயே உயிர் போயிற்று. வயது 37, கடைசிப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம். தந்தை நாட்டின் பிரதமர். ஆனாலும் உடல் ஊருக்கு வரவில்லை. கியெமோன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு கிடக்கிறது. மெல்ஸில், புனித அந்திரேயா ஆலயத்துக் கோபுரத்தின் அடிச்சுவரில் ஒரு வெண்கல மலர்வளையம் இருக்கிறது. அதன் கீழே சுவரின் கல்லிலேயே நேரடியாக லத்தீன் எழுத்துகளை வெட்டியவர் சிற்பி எரிக் கில். தனிப் பலகை கிடையாது.

கேத்தரினின் தம்பி எட்வர்ட் ஹார்னர் 1915 மே மாதம் ஈப்ர் அருகே படுகாயமுற்று ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். பின்வரிசைப் பணியோடு நின்றுகொண்டிருக்கலாம். மறுபடியும் முன்வரிசை கேட்டுப் போனார். பிரிட்டிஷ் படையின் காம்ப்ரே தாக்குதல் 1917 நவம்பர் 20 அன்று தொடங்கியது. மறுநாள் நுவாயெல் கிராமத்தருகே அவர் கொல்லப்பட்டார். அந்தத் தாக்குதலின் தொடக்க வெற்றிக்காக நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஆலய மணிகள் ஒலித்தன. போர் தொடங்கியதிலிருந்து வெற்றிக்கென்று மணி அடித்தது அப்போதுதான். பிடித்த நிலத்தில் பெரும்பகுதியை ஜெர்மானியர்கள் சில நாட்களில் மீட்டுக்கொண்டார்கள். எட்வர்டின் தம்பி சிறுவயதிலேயே நோயால் இறந்திருந்ததால், ஹார்னர் வீட்டின் ஆண்வழி அதோடு முடிந்தது. சொத்து பின்னர் ஆஸ்குவித் குடும்பத்துக்குச் சென்றது.

எட்வர்டுக்காக ஆலயத்துக்குள் வைக்கப்பட்டது வெண்கலக் குதிரைவீரன். செய்தவர் ஆல்ஃபிரெட் மன்னிங்ஸ். குதிரைகளை வரைவதில் பெயர்பெற்ற ஓவியரான அவருக்குக் குதிரையேறிய சிற்பம் அதுவே முதல் முயற்சி. வீரன் தலையில் கவசம் இல்லை. இளைஞன் எங்கோ புறப்பட்டுக்கொண்டிருப்பதுபோன்ற தோற்றம். செனொட்டாஃபை நினைவூட்டும் பீடத்தை லட்யன்ஸ் அமைத்தார். சிலையை ரசித்துவிட்டு முன்புறமே திரும்பிவிடுபவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பீடத்தின் பின்புறம் ஒரு மரச்சிலுவை பொருத்தப்பட்டிருக்கிறது. பிரான்சில் எட்வர்டின் குழிமேட்டில் முதன்முதல் நட்ட அடையாளம் அதுதான். எவ்வளவு பெரிய கலைஞர்களை அமர்த்தினாலும், மகனின் உடலுக்கு அருகில் இருந்தது என்று சொல்ல அந்தத் தாயிடம் எஞ்சியது அந்த மரத்துண்டுதான்.

ஊராரின் நினைவுச்சின்னம் ஆலயத்துக்கு வெளியே, சாலையோரம். அதையும் லட்யன்ஸே வடிவமைத்தார். இடம் பார்க்க ஊராரோடு சேர்ந்து நடந்தார். உருண்டைத் தூணின் உச்சியில் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ், இருபுறமும் கரட்டுக்கல் சுவர், உட்காரக் கல்லிருக்கை, பின்னால் யூ மரவேலி. இறந்தவர்களின் பெயர்கள் கற்பலகைகளில் உள்ளன. 1921 ஜூன் 26 அன்று திறந்துவைத்தவர் ரேமண்டின் தம்பி ஆர்தர் ஆஸ்குவித், போரில் ஒரு காலை இழந்தவர். நிலவுடைமைக் குடும்பத்துக்கு ஆலயத்தின் உள்ளே வெண்கலம், ஊராருக்கு அதன் வெளியே பெயர் வரிசை என்ற இந்தப் பிரிவினை பழைய காலத்தின் மிச்சம். கலை அழகில் மெல்ஸுக்கு ஈடான கிராமம் குறைவு. ஆனால் அந்தக் காலத்தின் பொதுப்போக்கைக் காட்டுவது, அகர வரிசையில் எழுதிய எந்தச் சாதாரணப் பித்தளைத் தகடும்தான்.

எட்வர்டின் மரச்சிலுவை தனித்த ஒன்றல்ல. 1920-களில் மரச்சிலுவைகளை அகற்றிவிட்டு ஆணையம் கற்களை நட்டபோது, பழைய சிலுவையைக் கேட்கும் குடும்பங்களுக்கு அது அனுப்பிவைக்கப்பட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வராதவர்கள் ஆலயத்தில் கொண்டுவந்து சாத்தினார்கள். உலோகப் பட்டையில் அச்சு குத்திய பெயரும் படைப்பிரிவும், அடிமரத்தில் ஒட்டிய மண்ணின் கறையும் சிலவற்றில் இன்னும் தெரிகின்றன. மரம் என்பதால் பல செல்லரித்துப்போய்விட்டன. எழுத்து அழிந்த சிலுவைகளைப் பழைய தட்டுமுட்டுச் சாமான் என்று நினைத்து அப்புறப்படுத்தியதும் உண்டு.

போருக்குச் சென்ற அனைவரும் உயிரோடு திரும்பிய ஊர்களும் இருந்தன. 1930-களில் இங்கிலாந்தின் ஊர்களைப் பற்றித் தொடர் நூல்கள் எழுதிய ஆர்தர் மீ அவற்றுக்கு ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று பெயரிட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த ஆயிரக்கணக்கான கிராமங்களில் இவை ஐம்பதைச் சற்றே தாண்டும். அவற்றின் ஆலயங்களிலும் சில இடங்களில் பலகை உண்டு; அது நன்றி சொல்லும் பலகை.

1945-க்குப் பிறகு புதிய சின்னங்கள் அவ்வளவாக எழவில்லை. பழைய பட்டியலின் அடியில் 1939, 1945 என்று சேர்த்து, இடமிருந்த அளவில் பெயர்களை நெருக்கி எழுதினார்கள். சில பலகைகளில் கீழே இருக்கும் குடும்பப்பெயர் மேலேயும் இருக்கிறது. தந்தையும் மகனுமாக இருக்கலாம், சித்தப்பாவும் அண்ணன் மகனுமாகவும் இருக்கலாம். நினைவு நாள் வழிபாடும் நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கு மாறியது. அன்று பட்டியலை உரக்க வாசிப்பார்கள், பிறகு இரண்டு நிமிட மௌனம்.

பட்டியலில் சேராமல் நின்றவர்களின் கணக்கு இன்னும் நீண்டது. ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் சொந்தப் படையாலேயே சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் பெயரைப் பொறிப்பதா என்பதில் சில ஊர்கள் அமைதியாகச் சேர்த்துக்கொண்டன, சில ஊர்கள் மறுத்தன. லிங்கன்ஷயரிலுள்ள ஃபுல்ஸ்டோவில் நடந்தது வேறு. 1917 செப்டம்பரில் அப்படிச் சுடப்பட்ட சிப்பாய் ஒருவரின் பெயரைச் சேர்க்க முடியாது என்று சொல்லப்பட்டபோது, அவர் பெயர் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்று மற்றக் குடும்பங்கள் சொல்லிவிட்டதாக ஊரார் சொல்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் நினைவுச்சின்னமே இல்லை. 2005இல் கிராம மன்றத்தில் ஒரு பலகை வைத்தார்கள். அவர் பெயரும் அதில் மற்றவர்களோடு இருக்கிறது. சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமியற்றி மன்னிப்பு வழங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்.